பந்து இல்லாத ஆட்டம்

ஈராக்கின் மோசூல் நகரம். இருபுறமும் இடிந்து கிடக்கும் தெருவில் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். ஒருவன் எதிராளியை ஏய்த்துக்கொண்டு ஓடுகிறான். இன்னொருவன் குறுக்கே பாய்கிறான். கோல் போட்டவன் கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறான். எல்லாம் சரியாக நடக்கிறது. பந்து மட்டும் இல்லை. ஊரைப் பிடித்து வைத்திருந்த ஐ.எஸ். அமைப்பு கால்பந்தைத் தடை செய்திருந்தது. பந்து இருந்தால்தானே பிடிப்பார்கள்? பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு ஆட்டத்தை வைத்துக்கொண்டார்கள். ஃபிரான்சிஸ் அலீஸ் என்ற கலைஞர் 2017இல் இதைப் படமாக்கினார்.

இந்தப் படத்தை என் அக்கா மகளுக்குக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். நுண்கலை படிக்கிறாள். கலப்பு ஊடகத்தில் ஒரு இன்ஸ்டலேஷன் செய்து காட்ட வேண்டுமாம். சிறுவயது விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். புதுச்சேரி வில்லியனூர் தேரடிப் பக்கம் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது தன் திட்டத்தைச் சொன்னாள். ஆயா வீட்டுப் பரணில் ஒரு பல்லாங்குழிப் பலகை இருக்கிறது. அதைத் துடைத்து ஒரு மேடைமேல் வைப்பது. சோழிகளைப் பசை போட்டு ஒட்டுவது. பின்னால் ஆயாவின் பழைய புகைப்படம். மேலிருந்து மஞ்சள் விளக்கு.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சோழிய ஒட்டிட்டா யாரு ஆடுறது?"

"ஆடுறதுக்கு இல்ல மாமா, பாக்குறதுக்கு."

இந்த இடத்தில்தான் மோசூல் பையன்களைக் காட்டினேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே யோசனையோடு பள்ளி ஆண்டுவிழாவுக்கும் கோயில் திருவிழாக் கண்காட்சிக்கும் பலகையையும் பம்பரத்தையும் தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், இன்ஸ்டலேஷன், அதாவது நிறுவல், என்றால் என்ன? ஓவியத்தை எதிரே நின்று பார்ப்போம். சிலையைச் சுற்றி வந்து பார்ப்போம். இன்ஸ்டலேஷனுக்குள் நாம் நுழைய வேண்டும். இடமும் அதில் கிடக்கும் பொருளும் நுழைந்த ஆளும் சேர்ந்ததுதான் படைப்பு. 1961இல் நியூயார்க்கில் ஆலன் காப்ரோ ஒரு கலைக்கூடத்தின் பின்முற்றம் முழுக்கப் பழைய கார் டயர்களைக் கொட்டிவைத்தார். 'முற்றம்' என்பதுதான் அதன் பெயர். வந்தவர்கள் டயர்மேல் ஏறினார்கள், தாண்டினார்கள், தூக்கிப் போட்டார்கள். பாகூர்ப் பக்கத்தில் சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிக்கொண்டு வரப்பில் ஓடிய எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. டயரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்பதைக் காப்ரோ தெரிந்துவைத்திருந்தார், அவ்வளவுதான்.

கலப்பு ஊடகம் என்பது இதைவிட எளிது. 1912இல் பிக்காசோ ஓர் ஓவியத்தில் நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாகக் கட்டினார். அதிலிருந்து வண்ணம்தான் ஓவியம் என்ற கட்டு அவிழ்ந்தது. இன்று மண், விதை, ஒலி, வீடியோ, துணி எதையும் சேர்க்கலாம். சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்ப்பதுதான் மாணவர்கள் செய்யும் தவறு. டீத்தூள், பால், சர்க்கரை மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் மேசைமேல் வைத்தால் அது டீ ஆகாது. ஒவ்வொரு பொருளும் மற்றதில் இறங்கி வேலை செய்ய வேண்டும். எடுத்துவிட்டால் குறை தெரிய வேண்டும். மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று கேட்டேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். ஒரு விளையாட்டிலிருந்து கலைக்கு எதை எடுத்துக்கொள்வது? பெரும்பாலும் நாம் எடுப்பது பொருளை: பலகை, பம்பரம், கில்லி, கோலி. அல்லது அதன் தோற்றத்தை. 2022இல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது, சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினார்கள். பார்க்க அட்டகாசமாக இருந்தது. ஆனால் அந்தப் பாலத்தில் சதுரங்கம் இல்லை, சதுரங்கப் பலகையின் நிறம் மட்டும்தான் இருந்தது. விளம்பரத்துக்கு அது போதும். கலைக்குப் போதாது என்பது என் கட்சி.

பொருளைக் காப்பதும் ஒரு வேலைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் பல்வேறு கைவினைஞர்களைக் கொண்டு பழைய பலகை ஆட்டங்களைச் செய்யவைத்துக் கண்காட்சி நடத்திவருகிறது. சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய க்ரீடா, பல்லாங்குழியையும் பரமபதத்தையும் மறுபடி கடைக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்தது. அவர்கள் ஆட்டத்தை ஆட்டமாகவே திருப்பித் தருகிறார்கள். கலைஞர் செய்ய வேண்டியது வேறு. ஆட்டத்தின் உயிர் அதன் விதியில் இருக்கிறது. மோசூல் பையன்களிடம் மிஞ்சியது அதுதான். யார் உதைக்கலாம், எங்கே கோல், எது தவறு என்ற உடன்பாடு இருந்ததால் காற்றை உதைத்தும் ஆட முடிந்தது. ஆகவே விதியைக் கையில் எடுத்து, அதில் ஒன்றை அசைத்துப் பார்த்தால் கலை பிறக்க வாய்ப்பிருக்கிறது.

யோகோ ஓனோ 1966இல் செய்தது இதற்கு நல்ல பாடம். சதுரங்கப் பலகை முழுக்க வெள்ளை. இரு தரப்புக் காய்களும் வெள்ளை. உட்கார்ந்து ஆடத் தொடங்கலாம், தடையில்லை. பத்துப் பதினைந்து நகர்த்தலுக்குப் பிறகு எது என் குதிரை, எது உன் குதிரை என்று தெரியாமல் போகும். எதிரியை நம்பினால் ஒழிய ஆட்டம் தொடராது. ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றினார்: நிறம். போர் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதிவைக்கத் தேவைப்படவில்லை.

மெக்சிகோவின் கேப்ரியல் ஒரோஸ்கோ இதையே தொழிலாக வைத்திருந்தார் என்று சொல்லலாம். 1995இல் 256 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரங்கப் பலகை செய்தார். நான்கு நிறத்தில் காய்கள், அத்தனையும் குதிரைகள். ராஜா இல்லை, ஆகவே வெற்றி இல்லை. குதிரைகள் தாவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1998இல் டேபிள் டென்னிஸ் மேசையைப் பிரித்து நான்கு பேர் ஆடும்படி வைத்து, நடுவில் வலை இருக்க வேண்டிய இடத்தில் அல்லிக்குளம் ஒன்றை வைத்தார். பந்து தண்ணீரில் விழுந்தால் யாருக்குப் புள்ளி? ஆடுகிறவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் தெருவில் விதி சண்டை போட்டுக்கொள்வது போலவே பெரியவர்களும் அந்தக் குளத்தருகே நின்று பேசித் தீர்க்கிறார்கள்.

அளவை மாற்றுவது இன்னொரு வழி. மலேசியாவின் கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் குமாரி நாகப்பன் மஞ்சாடி விதையைப் பிடித்துக்கொண்டார். நம் ஊரில் பல்லாங்குழிக்குப் போடும் அதே சிவப்பு விதை. அங்கே 'சாகா' என்பார்கள், பிள்ளைகள் மரத்தடியில் பொறுக்கிச் சேர்ப்பார்கள். அவர் அந்த விதையை வெண்கலத்தில் ஆளைவிடப் பெரிதாக வார்த்தார். சாங்கி விமான நிலையத்தில் நிற்கிறது. விதைகளையே குவித்தும் நிறுவல்கள் செய்திருக்கிறார். உள்ளங்கைக்குள் நூறு அடங்கும் பொருளுக்கு முன்னால் நாம் சிறுத்துப்போகிறோம். பிள்ளையாக இருந்தபோது உலகம் இருந்த அளவு அது. இதில் விதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இதை நான் தள்ள மாட்டேன்.

அலீஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்து, கட்டடக்கலை படித்து, மெக்சிகோவில் குடியேறியவர். 1999 முதல் உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஆடுவதைப் படம் பிடித்து வருகிறார். காங்கோவின் லுபும்பாஷியில் சுரங்கக் கழிவு மலைமேல் ஒரு பையன் லாரி டயரை உருட்டி ஏற்றி, அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டு உருண்டு இறங்குகிறான். காத்மாண்டுவில் பிள்ளைகள் அஞ்சாங்கல் ஆடுகிறார்கள். 2022 வெனிஸ் பியன்னாலேயில் பெல்ஜியம் நாட்டு அரங்கில் பெரும்பாலும் இந்தப் படங்கள்தான். பல திரைகள், எல்லாப் பக்கத்திலிருந்தும் கூச்சல். நடுவில் நிற்கிறவருக்கு மாலை நேரத் தெருவில் நிற்பது போலிருக்கும். அலீஸ் எதையும் செய்து வைக்கவில்லை. திரைகளை எப்படி நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது அவர் கலை. படங்களை அவர் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நம் ஆசிரியர்கள் வகுப்பில் போட்டுக் காட்டலாம்.

அஞ்சாங்கல்லுக்கு வயது அதிகம். சங்கப் பாடல்களில் பெண்கள் கழங்காடுகிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து எலும்புக் காய் வைத்து அதையே ஆடும் சிற்பம் இருக்கிறது, கி.மு. 330–300 அளவில் தென் இத்தாலியில் செய்தது. செய்த பொருள் சுடுமண். சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூரில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உரிமை வந்துவிடுகிறது. புறங்கையில் கல்லை ஏந்தும் அந்த நொடியை மண்ணில் பிடிக்க இங்கே ஆளா இல்லை?

சரி, பல்லாங்குழி. அவள் கேட்டது அதைத்தான். விதியை எடு என்று சொல்லிவிட்டேன். விதி என்ன என்று கேட்டால் அவளுக்குப் பாதிதான் தெரிந்தது. ஊருக்கு ஊர் மாறும், பொதுவான ஓட்டம் இது. இரண்டு வரிசை, வரிசைக்கு 7, ஆக 14 குழி. குழிக்கு ஐந்து காய் போட்டால் மொத்தம் 70, ஆளுக்கு 35. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் காய் விழுந்ததும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் முறை மாறும். இரண்டு குழி தொடர்ந்து வெறுமை என்றால் ஒன்றுமில்லை, எதிராளி ஆட வேண்டியதுதான். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார்.

முதல் சுற்று முடிந்ததும்தான் ஆட்டத்தின் குணம் தெரியும். எனக்கு 42, உனக்கு 28 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றுக்கு உன் காயை வைத்து உன் குழிகளை நீயே நிரப்ப வேண்டும். 28ஐ வைத்து ஐந்து குழிதான் நிரம்பும், மூன்று காய் கையில் நிற்கும். இரண்டு குழியை மூடிவிட வேண்டும். நான் ஏழு குழியோடு ஆடுவேன், நீ ஐந்து குழியோடு. இப்படி ஆடினால் அடுத்த சுற்றில் யார் தோற்பார் என்பதைச் சொல்ல ஜோசியக்காரர் வேண்டாம். 20 காய்க்கு வந்தால் நாலு குழி. அப்புறம் மூன்று.

தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' நூலில் இதைத்தான் பிடித்தார். சமமான பங்கோடு தொடங்கும் ஆட்டம், விதியை யாரும் மீறாமலேயே, ஒருவரிடம் எல்லாம் சேர்வதிலும் இன்னொருவர் வெறுங்கையோடு எழுவதிலும் முடிகிறது. தனிச்சொத்து என்ற எண்ணத்தை இந்த ஆட்டம் பழக்குகிறது என்பது அவர் வாசிப்பு. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் நிலக்குவிப்பின் கொடுமையை விளக்கவென்றே ஓர் ஆட்டம் வகுத்து 1904இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மோனோப்பலி; கடைசியில் அது நிலம் குவிப்பதை ரசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆட்டமாகிப் போனது. நம் ஆயாக்கள் கையில் அதே பாடம் பேர் போடாமல் புளியங்கொட்டையில் இருந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் அவள் டீயை வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். அப்புறம் நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் இது. அவள் செய்தாலும் சரி, படிக்கிறவர் யாராவது செய்தாலும் சரி, எனக்கு ஆட்சேபமில்லை.

பலகை வேண்டாம். இரண்டடி அகலத்தில் 14 சுடுமண் சட்டிகள், இரண்டு வரிசையாக. ஒரு வரிசை கிழக்குத் தெரு, மறு வரிசை மேற்குத் தெரு. சட்டிக்குள் அரைச் சாண் உயரத்துக்குப் பாகூர் வயல் மண். அதன்மேல் காய்கள். யார் வந்தாலும் ஒரு பக்கம் நின்று ஆடலாம். ஆனால் தனக்காக ஆட முடியாது, அந்தத் தெருவுக்காகத்தான் ஆட வேண்டும். சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது காய்கள் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும். மறுநாள் வருகிறவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் நிரப்ப முடியாமல் போன சட்டியில் ஒரு மனைக்கல் நடப்படும். பாகூர் ஏரிப் பாசனத்து வயலுக்கும் மனைக்கல்லுக்கும் உள்ள உறவை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

நான்காம் நாள் வருகிற ஒருவர், "நான் இன்னும் ஆடவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள என் பக்கம் நாலு சட்டிதான் இருக்கா?" என்று கேட்பார் அல்லவா? அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை மண்ணும். முந்திய நாள் யாரோ ஆடித் தோற்றதை அவர் சுமக்கிறார். விதியில் நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்று: ஆட்டம் ஆளோடு முடியாமல் அடுத்த ஆளுக்குப் போகிறது. விளக்கப் பலகை எழுத வேண்டாம். சுவரில் ஆட்டவிதி மட்டும் தமிழில் ஐந்தாறு வரி.

மனைக்கல் உண்மையான கல்லாக இருந்தால் பிள்ளைகள் காலில் விழும். அதைத் திருக்கனூர்க்காரர்களிடம் காகிதக்கூழில் செய்யச் சொல்லலாம். பழைய பத்திர நகல்களை ஊறவைத்து அரைத்த கூழ் என்றால் இன்னும் பொருத்தம். நிலம் காகிதமாகி, காகிதம் கல்லாகிறது. கலப்பு ஊடகம் என்று இதைச் சொல்லலாம்; ஒரு பொருளை எடுத்தால் அடுத்தது ஊமையாகிவிடும்.

வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நகரத்துப் பக்கம் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, இந்தியா முழுவதும் பரவிய பீங்கான் கலைஞர்களை உருவாக்கியிருக்கிறது. இத்தனையும் அரை மணி நேரத் தூரத்தில். இருந்தும் நம் மாணவர்கள் நிறுவல் என்றால் தெர்மாகோல் வாங்க ஓடுகிறார்கள். எனக்கு இது விளங்குவதே இல்லை.

மண்ணில் செய்யும்போது சில கணக்குகள் உண்டு. காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 24 அங்குலச் சட்டி வேண்டுமென்றால் ஈரத்தில் சுமார் 27 அங்குலம் வனைய வேண்டும். அடி தடித்து, உள்ளே ஈரம் நின்றுவிட்டால் சூளையில் வெடிக்கும். வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் விளிம்பு பிளக்கும். ஈரச் சாக்குப் போட்டு நிழலில் மெதுவாகக் காய வேண்டும். சுட்டதைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். கணீரென்று வந்தால் நல்லது, மொத்தென்று வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது.

தூசி விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. 2010இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் லண்டன் டேட் மாடர்னில் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஜிங்டெஜென் ஊரில் சுமார் 1,600 பேர் கையால் செய்து தீட்டிய விதைகள். மக்கள் அதன்மேல் நடக்கலாம், படுக்கலாம் என்றுதான் திறந்தார்கள். சில நாள்களிலேயே பீங்கான் தூசி நுரையீரலுக்குக் கேடு என்று சொல்லிக் கயிறு கட்டிவிட்டார்கள். தொடலாம் என்று நினைத்துச் செய்தது, தூர நின்று பார்ப்பதாக முடிந்தது. நம் சட்டிகளுக்கு அந்த அளவு ஆபத்தில்லை என்றாலும், ஈரமாக இருக்கும்போதே செம்மண் குழம்பு பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றச் சொல்லுங்கள். கையில் சிவப்பு ஒட்டாது.

காய்க்கு என்ன போடுவது? புளியங்கொட்டை எளிது, மலிவு. ஆனால் வண்டு விழும். வறுத்துப் போட்டால் தாங்கும். சட்டி பெரிது என்பதால் கழற்சிக்காய் கண்ணுக்கும் கைக்கும் நன்றாக இருக்கும். மஞ்சாடி அழகு. ஒன்றே ஒன்று, மஞ்சாடி என்று கேட்டால் சிலர் குன்றிமணியைத் தந்துவிடுவார்கள். சிவப்பில் கறுப்புக் கண் இருந்தால் அது குன்றிமணி, கொடிய நஞ்சு. தோல் உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் வரும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

சட்டிகளைத் தரையில் வைப்பதா, மேசைமேல் வைப்பதா என்று அவள் கேட்டாள். பாதி பாதி என்றேன். இந்த ஆட்டத்தின் கைகாரர்கள் கிழவிகள். அவர்களில் பலருக்கு முட்டி மடங்காது. ஒரு வரிசையைத் திண்ணை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் உட்கார்ந்து ஆடுவார்கள், எதிரே பேரப்பிள்ளை தரையில் நின்று ஆடும். தோற்கப் போவது யாரென்று உங்களுக்கே தெரியும். 'தொடாதீர்கள்' என்ற பலகை மட்டும் கண்ணில் படக் கூடாது.

இன்னொன்றும் சொன்னேன், அது அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இந்த வகை வேலைகளில் 'அந்தக் காலத்தில்' என்று ஒரு பெருமூச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பல்லாங்குழி யார் ஆடியது? வயதுக்கு வந்து வெளியே போக முடியாமல் உட்கார வைக்கப்பட்ட பெண், மாசமாக இருந்தவள், கல்யாணச் சீரில் பலகையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். கில்லி தெருவுக்கு, பல்லாங்குழி வீட்டுக்கு என்று பிரித்தது விளையாட்டு இல்லை. ஊர்த் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே கோட்டில் பாண்டி ஆடினார்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பும். ஆயாவின் படத்துக்கு மஞ்சள் விளக்கு போடும் முன், ஆயா எந்த வயதில் எத்தனை நாள் அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று அவரிடமே கேட்டுப் பதிவு செய்துகொள் என்றேன். அந்தக் குரல் கூடத்தில் ஒலித்தால் படமே தேவைப்படாது.

பல்லாங்குழிதான் வேண்டும் என்றில்லை. பாண்டி ஆட்டத்துக்குச் சில்லு போதும். உடைந்த பானை ஓட்டைத் தரையில் தேய்த்து வட்டமாக்கியது. கீழடியில் அப்படித் தேய்த்த வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன, சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. சூளையில் உடைந்து வீணாகும் பானைகளை வாங்கி, ஒரு பள்ளிப் பிள்ளைகளை ஆளுக்கொரு சில்லு தேய்க்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. பரமபதத்தில் பாம்பும் ஏணியும் எங்கே இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டு வரையலாம்: பாம்பின் வாயில் எந்த அலுவலகம், ஏணியின் மேல்முனையில் யார் வீடு என்று சொல்ல ஆளுக்குக் குறைவிருக்காது.

எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெள்ளைச் சுவர் கூடத்தில் வைத்தால் நூறு பேர் பார்ப்பார்கள், பத்துப் பேர் ஆடுவார்கள். கொம்யூன் பஞ்சாயத்துக் கூடத்திலோ, அரசுப் பள்ளித் தாழ்வாரத்திலோ, தேர்த் திருவிழா நாளில் கோயில் தெருத் திண்ணையிலோ வைத்தால் ஆடாமல் போகிறவர்தான் குறைவாக இருப்பார். காய்கள் திருடு போகும். போகட்டும், ஒரு கூடை கூடுதலாக வாங்கிவையுங்கள்.

செய்வதாக இருந்தால் குயவரிடம் மாசி மாதத்துக்குள் பேசிவிடுங்கள். ஆடி, ஆவணியில் கொலு பொம்மை வேலை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அகல் விளக்கு, மார்கழியில் பொங்கல் பானை. வடகிழக்குப் பருவமழையில் இரண்டடிச் சட்டி காயவே காயாது. முன்பணம் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள், செய்தவர் பெயரைக் கலைஞர் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.